நான்காவது வரி

"முதல் நாலு வரிதான் அக்கா.
அதுக்குக் கீழே நான் போனா
அது உங்க அதிர்ஷ்டம்" என்றாள்
மேல்மாடி வினுதா, கன்னடம் கலந்த தமிழில்.
கம்பெனிகளுக்கு ஆளெடுத்துக் கொடுப்பவள்.
ஒரு டீ ஆறுவதற்குள்
நாற்பது பேரைக் கழித்துவிடுவாளாம்.

ராமமூர்த்தி நகரில் மழை.
கரண்ட் போய், வந்து, மறுபடி போய்
எது நிலை என்று தெரியாமல்
மூலையில் சிமிட்டுகிறது ரௌட்டர்.

நான் எழுதி வைத்திருந்தது:
கடின உழைப்பாளி.
குழுவோடு இணைந்து செயல்படுபவர்.
சவால்களை விரும்புபவர்.

"மணமகள் நல்ல சிவப்பு, அடக்கமானவர்ங்கற மாதிரி இருக்கு."

மூன்றையும் அழித்தேன்.
வெள்ளையில் கர்சர் மட்டும்
கடன் கேட்க வந்தவனைப் போல
நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன செஞ்சீங்க, எத்தனை, எங்கே.
அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன்.
பொம்மசந்திராவில் மருந்துக் குளிர்க்கிடங்கு, ஒன்பது வருடம்.
தடுப்பூசி, இன்சுலின்.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
நாளைக்கு அறுநூறு பெட்டி.
ஜெனரேட்டர் படுத்துக்கொண்ட ஒரு தசரா ராத்திரி
மீன் வண்டியை மறித்து
ஐஸ் முழுவதையும் விலை பேசி
விடியும்வரை ஒரு பெட்டியும் கெடாமல்...

"அதை எழுதாதீங்க."
கொஞ்சம் யோசித்து,
"இல்லை, எழுதுங்க.
மீனை மட்டும் எடுத்துடுங்க."

ஆங்கிலத்தில் அழகாகத்தான் வந்தது.
அங்கே 'நான்' தேவையில்லை.
மேனேஜ்டு. ரெட்யூஸ்டு. சேவ்டு.
ஆளில்லாத வினைகள்
இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையில் நின்றன.
பழக்க தோஷம்,
உள்ளுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
நிர்வகித்தேன். குறைத்தேன். காத்தேன்.
'நானை' வாசலோடு நிறுத்தினாலும்
வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு
உள்ளே வந்துவிடுகிறது
இந்த ஏன்.

"போன ஆகஸ்டிலிருந்து ஒண்ணுமே இல்லையே அக்கா.
கேப்பாங்க, ஏன்னு."

அதே ஏன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
பதினான்கு டிகிரி, மூன்று மணி நேரம்.
திங்கள் காலை என் மேசையில் பதிவேடு.
ஐந்து, ஐந்து, ஐந்து என்று
ஒரே கை, ஒரே மை.
கீழே என் பெயருக்கு எதிரே கொஞ்சம் காலி இடம்.
பேனாவையும் அவர்களே வைத்திருந்தார்கள்,
மூடி கழற்றி.

கையெழுத்து இடவில்லை.

பாருங்கள், இல்லை என்று வரும்போது
தமிழும் ஆளைக் கைவிட்டுவிடுகிறது.
இடவில்லை:
நானா, நீயா, அவர்களா,
யாராகவும் இருக்கலாம்.
ஒன்பது வருடத்தில்
நான் மட்டுமே செய்த ஒரு காரியத்தில்
நான் இல்லை.

எட்டாம் வகுப்பு இலக்கணத்தில்
மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட
பழைய வடிவம் ஒன்று உண்டு.
இடேன்.
நேற்றும் இன்றும் நாளையும்
ஒரே சொல்லில்.
யாரும் இப்போது பேசுவதில்லை.
மழைச் சத்தத்தில் ஒருமுறை
வாய்விட்டுச் சொன்னேன்.

"என்ன?" என்றாள் வினுதா.
ஒன்றுமில்லை என்றேன்.

"குடும்பக் காரணம்னு போட்டுடலாமா?
எல்லாரும் அதான் போடறாங்க."

வேண்டாம் என்று
நான்காவது வரியை நானே தட்டினேன்.
பெட்டிக்குள் இருக்கும் வெப்பமும்
பதிவேட்டில் இருக்கும் வெப்பமும்
ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்பவர்;
அதற்காக ஒரு வேலையை விட்டவர்.

படித்தாள்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.
கரண்ட் போனது.
மடிக்கணினி வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும்.
விரல் மெல்லக் கீழே இறங்கியது,
நான்கு வரி தாண்டி,
பொம்மசந்திரா தாண்டி,
என் பி.எஸ்ஸி. வரைக்கும்.

டீ எப்போதோ ஆறியிருந்தது.

"மேலே உங்க பேர்ல
ஒரு எழுத்து தப்பு அக்கா" என்றாள்.